முட்டை ரூமில் ஓர் ஆர்க்கிட்

என் அம்மாவுக்குப் பிறந்த நாள் என்று ஒன்று இருந்ததே கிடையாது. கேட்டால், "ஏரி ஒடைஞ்ச வருசம், கல்லக்கா புடுங்கற சமயம்" என்பாள். ஆதார் அட்டை எடுக்கப் போன இடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஆள், ஏரி உடைந்தது, நிலக்கடலை பிடுங்கியதையெல்லாம் இதில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு ஒரு தேதியைப் போட்டுவிட்டான். அம்மாவைப் பெற்றவர்களுக்கே தெரியாத அந்தத் தேதியை என் தம்பி வேதவாக்காக எடுத்துக்கொண்டான். கனடாவில் உட்கார்ந்தபடியே பெங்களூர் பூக்கடை ஒன்றுக்குப் பணம் கட்டி, சரியாக அந்த நாளில் அம்மா கைக்கு வந்து சேரும்படி ஓர் ஆர்க்கிட் செடியை அனுப்பி வைத்தான்.

நாங்கள் இருப்பது வெண்ணந்தூருக்குப் பக்கத்தில், கோழிப்பண்ணைக்கு உள்ளேயே. கொரியர்காரர் ஒரு கையில் பெட்டியையும் மறு கையில் மூக்கையும் பிடித்துக்கொண்டு வந்தார். கையெழுத்து வாங்க மூக்கை விடவேண்டி இருந்தது. அதற்காக அவர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. பெட்டியைப் பிரித்தால் தடித்த இலைகள் சில, நடுவிலிருந்து வளைந்து வந்த ஒரு தண்டு, அதில் வரிசையாக ஊதாப் பூக்கள். தொட்டியில் மண் இல்லை. ஏதோ மரப்பட்டைத் துண்டுகள்தான் இருந்தன. பணம் வாங்கிக்கொண்டு மண்ணைக்கூடப் போடாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் முதல் காரியமாக ஒரு பூவைக் கிள்ளிப் பார்த்தார்கள். "நெசப் பூத்தானுங்களா? பிளாஸ்டிக்காட்டம் இருக்குது?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி மூக்கை வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "வாசமே இல்லீங்களே" என்று தீர்ப்புச் சொன்னாள். கோழி எருவின் நடுவில் நின்றுகொண்டு வாசம் இல்லை என்று குறை சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. "என்ற பையன் அனுப்பிச்சதுங்க. கனடாவுல இருந்து" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். செடி கனடாவிலிருந்தே விமானம் ஏறி வந்தது என்று ஊர் நம்பியது. பெங்களூர் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

அம்மா ஏன் என் வீட்டில் இருக்கிறாள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எடப்பாடியில் எங்களுக்கு வீடு இருக்கிறது. அப்பா போன பிறகு, அம்மா அங்கே தனியாக இருக்க வேண்டாம் என்று தம்பி முடிவு செய்தான். "கொஞ்ச நாளைக்கு அக்கா ஊட்டுல இரும்மா. நான் வந்து ஒரு ஏற்பாடு பண்றேன்" என்றான். எங்கள் பக்கத்தில் மகன் இருக்கும்போது மகள் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதை விடப் பெரிய தலைகுனிவு ஒரு தாய்க்குக் கிடையாது. மகன் அடித்தாலும் அவன் வீட்டில் கிடக்கலாம். மருமகன் தங்கத் தட்டில் சோறு போட்டாலும் அது விருந்துச் சோறுதான், விருந்துக்கு மூன்று நாளைக்கு மேல் மரியாதை இல்லை. அந்தக் கொஞ்ச நாள் வருஷங்களாக நீண்டுவிட்டது. அம்மாவுக்கென்று ஒரு பீரோவையே காலி செய்து கொடுத்தேன். அவள் துணிகளோ கட்டிலுக்கு அடியில் சூட்கேஸிலேயே இருந்தன. யார் வந்து எப்போது கேட்டாலும் பதில் தயார்: "பையன் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கறானுங்க. அதுவரைக்குந்தேன் இங்க."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் அம்மா தலை நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள். கேட்கிறவர்களும் நம்புகிற மாதிரி தலையாட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த நாகரிகம் உண்டு. சிரிப்பதை எல்லாம் தெருமுனை தாண்டியபின் வைத்துக்கொள்வார்கள்.

ஐப்பசி பிறந்ததும் பூக்கள் உதிர ஆரம்பித்தன. உதிர்ந்த பூ ஒவ்வொன்றையும் அம்மா எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். கடைசிப் பூ விழுந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அவள் அழுதே விட்டாள். ஏதோ துக்கம் நடந்துவிட்டது என்று பயந்துபோன தம்பி, விஷயம் தெரிந்ததும் சிரித்தான். "இதுக்கா அழுகற? அதுக்குப் பூக்கற காலம் முடிஞ்சுது. இங்கெல்லாம் பூ முடிஞ்சா செடியவே தூக்கிக் குப்பையில போட்டுருவாங்க" என்றான். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். அவனும் பார்த்தான். உடனே சமாளித்தான்: "நீ நல்லாப் பார்த்துக்க. திரும்பப் பூக்கும். அடுத்த தடவை இது பூக்கறப்ப நான் நேர்லயே வந்து பார்க்கறேன், சரியா?"

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு அவன் போனை வைத்துவிட்டான். குழந்தைக்கு மிட்டாய் காட்டுகிற மாதிரி சொன்ன பேச்சு அது. ஆனால் அம்மா அதை அப்படியே முடிந்துகொண்டாள். மறுநாள் காலை பால் வாங்க வந்தவளிடமே செய்தி போய்விட்டது. "இந்தச் செடி பூத்துதுன்னா என்ற பையன் வந்துருவானுங்க."

அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி. பூ முடிந்த ஆர்க்கிட்டைப் போல் அசிங்கமான செடி உலகத்தில் வேறில்லை. நான்கு இலை, ஒரு காய்ந்த குச்சி, தொட்டிக்கு வெளியே புழுப்புழுவாகத் தொங்கும் வெள்ளை வேர்கள். அம்மாவுக்கு அந்த வேர்களைப் பார்க்கவே பொறுக்கவில்லை. வேர் வெளியே தெரிவது அவளுக்கு ஏதோ மானக்கேடு மாதிரி. ஒரு நாள் பார்க்கிறேன், வேர்களை எல்லாம் உள்ளே மடித்துத் திணித்து, மேலே செம்மண்ணைக் கொட்டி அமுக்கி வைத்திருக்கிறாள். அரிசி கழுவிய தண்ணீரைத் தினமும் ஊற்றி வந்திருக்கிறாள். வாரம் ஒரு தரம் மோர் வேறு.

என் வீட்டுக்காரர் செடி கொடிகளைப் பற்றிக் கவலைப்படும் ஆள் இல்லை. அவருக்குத் தெரிந்த உயிர் கோழி ஒன்றுதான். மனிதர்களைக்கூட அவர் கோழியை வைத்துத்தான் புரிந்துகொள்வார். எனக்குக் காய்ச்சல் என்றால், "தீனி எடுக்கறயா?" என்றுதான் கேட்பார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் சோற்றில் கை வைத்தபடி, செடியைக் காட்டி, "முட்டை நின்ன கோழிக்கு எவனாச்சும் தீனி போட்டுட்டு இருப்பானா? கறிக்கு லாரிய வரச் சொல்லி ஏத்தி உட்டுட்டுப் போறதுதான" என்றார்.

எதிரே அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கவளம் பாதி வழியில் நின்றது. அவர் செடியைத்தான் சொன்னார், கடவுள் சத்தியமாகச் செடியைத்தான் சொன்னார். ஆனால் சில பேச்சுகள் வாயை விட்டு வந்த பிறகு எங்கே போய் உட்கார வேண்டுமோ அங்கே தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அம்மா தட்டில் மீதி வைக்காமல் சாப்பிட்டாள், கை கழுவினாள். மறுநாள் விடிந்ததும் பார்த்தால், முட்டை ரூமில் உட்கார்ந்து அட்டைகளில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். மூட்டு வலியோடு. "சும்மா உக்காந்து தின்னா ஒடம்புக்கு ஆகாதுங்க மாப்பிள்ளை" என்றாள் அவரிடம், பல்லைக் காட்டிச் சிரித்தபடி.

அவர் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. அந்த வார்த்தையே அவர்கள் வாயில் வராது. ஒரு சீப்பு வாழைப்பழத்தை வாங்கி வந்து வைப்பார்கள், அதுதான் அவர்கள் பாஷை. இவர் வாழைப்பழத்தோடு நிற்கவில்லை. அன்றிலிருந்து அந்தச் செடியை விழுந்து விழுந்து கவனிக்க ஆரம்பித்தார். சும்மா இருந்திருந்தால் செடி கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

முதலில் கோழி எரு போட்டார். எங்கள் பண்ணை எருவுக்கு மரவள்ளிக்காரர்கள் அடித்துக்கொள்வார்கள். அதில் கொஞ்சம் இதற்குப் போட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்றார். ஓர் இலை மஞ்சளாகி விழுந்தது. சத்துக் குறைவு என்று முடிவு செய்து, கோழிக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் டானிக்கைக் கலந்து ஊற்றினார். முட்டை ஓடு கெட்டிப்படக் கொடுக்கும் கிளிஞ்சல் தூளைத் தூவினார். எதுவும் ஆகவில்லை என்றதும் தன் தொழிலின் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். கோழிக்குப் பகல் நீளமாக இருந்தால்தான் முட்டை வரும். அதனால் பொழுது சாய்ந்த பிறகும் ஷெட்டில் விளக்கு எரிய விடுவோம். அதே மாதிரி செடியின் தலைக்கு மேல் ஒரு பல்பைக் கட்டித் தொங்கவிட்டார். "பாரு, இன்னும் ரெண்டே மாசம். வெச்சுத் தள்ளும்" என்றார். எதை வைத்துத் தள்ளும் என்று நான் கேட்கவில்லை. அவர் நினைப்பில் அந்தச் செடி ஒரு நாள் முட்டையே வைத்திருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

இவற்றுக்கு நடுவே ஞாயிற்றுக்கிழமைகள் வந்துகொண்டிருந்தன. போனை எடுத்ததும் தம்பி கேட்கும் முதல் கேள்வி, "செடியைக் காட்டு" என்பதுதான். அம்மா செடியைக் காட்டுவாள். இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், வேர், தொட்டியின் ஓட்டை என்று எல்லாவற்றையும் பார்த்து முடிப்பான். அம்மாவின் மூட்டு எப்படி இருக்கிறது என்ற கேள்வி அதற்கப்புறம்தான் வரும், சில வாரம் வராது. செடி வளர்ப்பது பற்றி வெள்ளைக்காரப் பெண்கள் பேசும் வீடியோக்களாக அனுப்பித் தள்ளினான். வாரம் ஒரு தடவை ஐஸ் கட்டி வைத்தால் போதும் என்று ஒருத்தி சொன்னாள். "நமக்கே மார்கழித் தண்ணிக்குப் பல்லு கிட்டுது, அந்த வாயில்லாச் சீவனுக்கு ஐஸ் கட்டிய வெக்கறதா? பாவம் புடிச்சுக்கும்" என்று அம்மா மறுத்துவிட்டாள். "போர் தண்ணி வேண்டாம்க்கா, மழைத்தண்ணி ஊத்து" என்றான் தம்பி ஒரு நாள். வெண்ணந்தூரில் மழைத் தண்ணீர்! இவன் இந்த மண்ணில்தான் பிறந்து வளர்ந்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் எனக்குக் கோபம் வந்தது. செடியின் மேல் பாசத்தால் இல்லை, கோபத்தால்தான் நான் அதைக் கையில் எடுத்தேன். பூத்துத் தொலையட்டும், அவன் வருகிறானா இல்லையா என்று பார்த்துவிடலாம் என்ற வீம்பு. செம்மண்ணைத் தட்டிக் கொட்டினேன். உள்ளே பாதி வேர் அழுகி நாறியது. அதை வெட்டி எறிந்தேன். காய்ந்த பூத்தண்டை அடியோடு நறுக்கினேன். அடுப்புக்கரியும் தேங்காய் மட்டைத் துண்டும் கலந்து போட்டுச் செடியை நிறுத்தினேன். வேர்கள் வெளியே தொங்கினால் தொங்கட்டும் என்று விட்டேன். குடிக்கிற கேன் தண்ணீரில் ஒரு டம்ளர், அதுவும் துண்டுகள் நன்றாகக் காய்ந்த பிறகுதான். "செடிக்குக் கேன் தண்ணி, எனக்குப் போர் தண்ணியா?" என்றார் வீட்டுக்காரர். "நீங்க பூக்கறதா இருந்தா சொல்லுங்க, உங்களுக்கும் ஊத்தறேன்" என்றேன்.

வைப்பதற்கு இடம்தான் பிரச்சினையாக இருந்தது. சித்திரை வெயிலில் எங்கள் வீட்டுச் சுவரைத் தொட்டால் கை சுடும். இருக்கும் இடத்திலேயே குளிர்ச்சியானது முட்டை ரூம்தான். வடக்குப் பார்த்த ஜன்னல், நேர் வெயில் உள்ளே வராது, தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்போம். அங்கே முட்டை அட்டைகளுக்குப் பக்கத்தில், ஜன்னல் ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டு வைத்தேன். ஆள் வேர்த்துச் செத்தாலும் முட்டை வேர்க்கக் கூடாது என்பது பண்ணைச் சட்டம். இப்போது அந்தச் சலுகை ஆர்க்கிட்டுக்கும் கிடைத்தது. முட்டை ஏற்ற வரும் லாரிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இது என்னங்க, மருந்துச் செடிங்களா?" என்றார். "ஆமாங்க, தலைவலிக்கு" என்றேன்.

ஆடி மாதத்தில் செடி தேறிவிட்டது. புதிதாக ஓர் இலை வந்தது. ஒரு நாள் காலையில் அம்மா முட்டை ரூமிலிருந்து கத்தினாள். இலைக்கு அடியிலிருந்து பச்சையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது. பூத்தண்டு என்று நானும்தான் நம்பினேன். மதியத்துக்குள் செய்தி ராசிபுரம் வரைக்கும் போய்விட்டது. எடப்பாடியில் யாருக்கோ போன் போட்டு வீட்டைப் பெருக்கி, ஒட்டடை அடிக்கக்கூடச் சொல்லிவிட்டாள் அம்மா. சூட்கேஸிலிருந்து நல்ல சேலைகளை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் முளையைக் காட்டி, "எப்ப சாமி வார?" என்றாள்.

திரையில் தம்பி அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, அவன் கண் இமைத்துக்கொண்டிருந்தது. "லீவு பார்க்கணும்மா" என்றான். "பசங்களுக்கு ஸ்கூல் இருக்குது. புது வேலை வேற. டிக்கெட் எல்லாம் இப்ப…" என்று இழுத்தான். பிறகு முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்து முளையை உற்றுப் பார்த்தான். "அம்மா, அது வேரும்மா. பூத்தண்டு இல்ல. நுனி உருண்டையா இருக்குது பாரு, அது வேர்தான்" என்றான். அவன் சொன்னது சரிதான். வேர்தான் அது. ஆனால் அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை, பரீட்சை ஒத்திப்போடப்பட்ட பையன் முகத்தில்தான் பார்க்க முடியும். நான் பார்த்தேன். அம்மா பார்த்தாளா என்று அப்போது தெரியவில்லை. "அப்பிடியா சாமி, எனக்கென்ன தெரியுது" என்று சிரித்துவிட்டுப் போனை என் கையில் கொடுத்தாள்.

துவைத்த சேலைகள் மடித்துச் சூட்கேஸுக்குள் திரும்பிப் போயின. செடியைப் பற்றி யாரிடமும் அவள் பேசுவது நின்றுபோனது. பார்த்துக்கொள்வதை மட்டும் விடவில்லை. முன்னை விட அதிகமாகவே பார்த்தாள். இலைகளை ஈரத்துணியால் துடைத்தாள். தினமும் குனிந்து இலை இடுக்குகளைத் தேடினாள். பாவம், எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழி வந்தது. அலவாய்மலை காலையில் பனிக்குள் மறைந்து கிடந்தது. முட்டை ரூமில் கால் வைத்தால் சில்லென்றது. அந்தக் குளிருக்குத்தான் செடி காத்திருந்தது போல. ஒரு நாள் இலை இடுக்கில் ஒரு முளை தெரிந்தது, இந்தத் தடவை நுனி கூராக, பக்கவாட்டில் சின்ன மூக்கோடு. வீடியோக்களில் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. சந்தேகமே இல்லை. பூத்தண்டு. அம்மா தானாகப் பார்க்கட்டும், கத்தட்டும் என்று நான் சொல்லாமல் இருந்தேன். அவள் கத்தவில்லை. ஒரு வாரம் போயிற்று, முளை விரல் நீளம் வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை தம்பி கேட்டான். "ஒண்ணுங் காணோம் சாமி" என்றாள். கண் சரியாகத் தெரியவில்லை போல, சேலத்துக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். என் புத்தி அந்த லட்சணத்தில் இருந்தது.

மறுநாள் காலையில் முட்டை அட்டை எடுக்கப் போனபோது கதவு பாதி திறந்திருந்தது. அம்மா செடிக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தாள். இடது கையால் இலையை மெல்ல விலக்கிப் பிடித்துக்கொண்டாள். வலது கை நகத்தால் அந்த முளையை அடியில் வைத்துக் கிள்ளினாள். அவசரமோ நடுக்கமோ இல்லை, கொடியில் அவரைக்காய் பறிக்கிற நிதானம். கிள்ளியதை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு இலையைத் துணியால் துடைத்தாள்.

நான் பின்வாங்கி வந்துவிட்டேன். மதியச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரர், "செடியில ஏதோ மொளை வந்திருந்துதே, காணோம்?" என்றார். அவரும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"கோழி கொத்திருச்சுங்க மாப்பிள்ளை" என்றாள் அம்மா.

எங்கள் பண்ணையில் இருக்கும் கோழிகள் அத்தனையும் கூண்டுக்குள். பிறந்ததிலிருந்து தரையை மிதித்திராத ஜென்மங்கள். இருபது வருஷமாகக் கோழி வளர்க்கிற மனுஷனிடம் சொல்லக் கூடிய பொய்யா அது? அவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "ஆமாங்க அத்தை. நேத்து ஒண்ணு கூண்டு தப்பி ஓடியாந்துது. நாந்தான் புடிச்சு உள்ள உட்டேன்" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குத் தட்டை நீட்டினார். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ தடவை அவரைக் கட்டி வைத்து உதைக்கலாமா என்று தோன்றியிருக்கிறது. அன்றைக்கு ஒரு கரண்டி நெய் அதிகமாகவே ஊற்றினேன்.

எனக்கு அவ்வளவு பெருந்தன்மை கிடையாது. சாயங்காலம் அம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டுவிட்டேன். எதற்காக இந்தப் பாடு பட்டோம், எதற்காகக் கேன் தண்ணீர் ஊற்றினேன், எதற்குக் கிள்ளினாய் என்று குரலை உயர்த்தியே கேட்டேன். அவள் முட்டை அடுக்குவதை நிறுத்தவில்லை.

"பூத்து, அவன் வரலீன்னா?" என்றாள்.

நிறைந்த அட்டையைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"இப்ப கேக்கறவீங்களுக்கு, இன்னும் பூக்கலைங்க, பூத்தா வந்துருவான்னு ஒரு பதில் இருக்குது. பூத்துப் போச்சுன்னா அதுவும் இல்ல. பொறவு நான் மாப்பிள்ளை ஊட்டுல எந்த மூஞ்சிய வெச்சுட்டு உக்காந்திருக்கறது அம்மிணி? அவன் சொன்ன சொல்லு பொய்யாப் போகாம இருக்கோணும். அவ்வளவுதான்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இத்தனை வருஷம் என் கையால் சமைத்துப் போட்டிருக்கிறேன், காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறேன், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன். இன்னும் இது மாப்பிள்ளை வீடு. என் வீடு என்று ஒரு தடவைகூட அவள் வாயில் வந்ததில்லை. கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு இலையின் அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்கிறவனின் சொல் பொய்யாகிவிடக் கூடாது என்று இவள் தன் கையால் கிள்ளுகிறாள். சண்டை போட வேண்டும் போலிருந்தது. அவள் முட்டைகளைக் கூர்முனை கீழே இருக்கும்படி ஒவ்வொன்றாக அட்டையில் வைத்துக்கொண்டே போனாள். நானும் உட்கார்ந்து அடுக்க ஆரம்பித்தேன்.

செடிக்குப் பிடிவாதம் அதிகம். கிள்ளிய இடத்துக்குப் பக்கத்திலேயே தை மாதத்தில் இன்னொரு முளையை விட்டது. அதையும் கோழி கொத்தியது. உலகம் முழுக்க, பூ முடிந்த ஆர்க்கிட்டை மறுபடி பூக்க வைப்பது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பூக்க விடாமல் இருப்பதற்காக இவ்வளவு சிரத்தையோடு ஓர் ஆர்க்கிட்டைப் பராமரிக்கும் வீடு எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். கரியும் மட்டையும் மாற்றிப் போடுகிறோம். கேன் தண்ணீர் ஊற்றுகிறோம். இலைகள் எண்ணெய் தேய்த்தது போல் மின்னுகின்றன. "இவ்வளவு ஆரோக்கியமா இருக்குது, ஏன் பூக்க மாட்டேங்குது?" என்று தம்பி ஞாயிறுதோறும் ஆச்சரியப்படுகிறான். "உரம் ஏதாச்சும் அனுப்பட்டுமா?" என்கிறான். "வேண்டாஞ் சாமி, அது பூக்கறப்பப் பூக்கும். நீ அவசரப்படாத" என்கிறாள் அம்மா. அவன் அவசரப்படுவதே இல்லை.

இந்த மார்கழியில் அம்மாவுக்கு மூட்டு மோசமாகிவிட்டது. குனிய முடியவில்லை. அதனால் முளையை முதலில் பார்த்தது நான்தான். பச்சை நிறத்தில், கூர் நுனியோடு, ரொம்ப அழகாக இருந்தது. உடனே போனை எடுத்துப் படம் பிடித்தேன். தம்பிக்கு அனுப்புவதற்காகச் சேர்த்து, "பூக்கப்போகிறது. டிக்கெட் போடு" என்று எழுதினேன். அனுப்புகிற பொத்தானின் மேல் விரல் இருந்தது. அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். லீவு என்பான், ஸ்கூல் என்பான். அவன் அதைச் சொல்லும்போது திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் அம்மாவின் முகம் இருக்கும், அதையும் நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எழுதியதை அழித்தேன். படத்தையும் அழித்தேன். இலையை விலக்கி, நகத்தை வைத்துக் கிள்ளினேன். வெண்டைப் பிஞ்சின் நுனி போலச் சுலபமாக ஒடிந்தது. ஜன்னல் வழியாக எருக் குவியலில் வீசி எறிந்தேன்.

திரும்பினால், அம்மா குச்சியை ஊன்றிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"ஏதாச்சும் வந்திருக்குதா அம்மிணி?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. இலைதான் வருது."

"அப்பிடியா? நல்லது" என்றாள். பூக்காத செடியைப் பார்த்து இவ்வளவு நிம்மதியாக ஒருத்தர் நல்லது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.